பழைய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் வாங்கினீர்களா? கோனில் கை வைக்காதீர்கள்

போன ஞாயிறு சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டுக்கு இரண்டு கல்லூரிப் பசங்க வந்தார்கள். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது எட்டு இஞ்ச் ஸ்பீக்கர் ஜோடி ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். கையில் ஒரு பெட்டிதான் இருந்தது. "இன்னொண்ணைக் கோன் மாத்தக் கொடுத்திருக்கோம்ண்ணா" என்றார்கள். கோன் என்பது ஸ்பீக்கரில் அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பு. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2004இல் நானும் இதையேதான் செய்தேன். பழைய ஸ்பீக்கரில் பலரும் செய்யும் தவறுகள் இவை.

முன்பக்க வலையைக் கழற்றாமல் வாங்குவது

கழற்றிக் காட்ட மறுத்தால் வாங்காதீர்கள்.

ஓரம் உதிர்ந்ததற்குக் கோனையே மாற்றுவது

கோனைச் சுற்றி இருக்கும் ஃபோம் வளையம் பத்து, இருபது வருடத்தில் தானாகவே உதிரும். மலை ஈரத்தில் இன்னும் சீக்கிரம். விரல் வைத்தால் கருப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வரும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் கெட்டது அந்த வளையம் மட்டும்தான். கோனும், அதை அசைக்கும் கம்பிச்சுருளான காயிலும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

நான் கொடுத்தது திருவிழா மைக் செட் பழுது பார்க்கும் கடையில். அவர் கைவேலையில் குறையில்லை. அவருக்குப் பழகிய கெட்டிக் காகிதக் கோனைப் போட்டுக் கொடுத்தார். வீட்டில் மிருதங்கக் கச்சேரி போட்டேன். வலந்தலை கணீரென்று கேட்டது, தொப்பியின் கும்காரத்தைக் காணோம். பழைய கோனைத் திருப்பிக் கேட்டபோது எடைக்குப் போட்டாயிற்று என்றார். இன்றைக்கு நினைத்தாலும் ஆறவில்லை.

காரணம் இதுதான். 1954இல் எட்கர் வில்சூர் வடிவமைத்த ஏஆர்-1 ஸ்பீக்கர் வந்ததிலிருந்து, பல மூடிய பெட்டிகளில் உள்ளே அடைபட்ட காற்றுதான் ஸ்பிரிங். கோன் தளர்வாகத் தொங்க வேண்டும். ஓரம் விறைத்தால் கோனின் இயல்பான அதிர்வெண் மேலே ஏறிவிடும், பேஸ் போய்விடும். பேஸையும் கீச்சொலியையும் பிரித்து அனுப்பும், பெட்டிக்குள் இருக்கும் கிராஸ்ஓவரும் அந்தப் பழைய கோனுக்கென்றே கணக்குப் போட்டது.

அதனால் வளையத்தை மட்டும் மாற்றுங்கள். உள்விட்டம், வெளிவிட்டம் இரண்டையும் மில்லிமீட்டரில் அளந்து வாங்குங்கள். பழைய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பொறுமையாகச் சுரண்டுங்கள். நடு மூடியைக் கழற்றி, காயிலுக்கும் காந்தத்தின் நடுக்கம்பத்துக்கும் இடையே பழைய ஃபோட்டோ ஃபிலிமை நறுக்கிச் சுற்றிலும் செருகினால் கோன் நட்டநடுவில் நிற்கும். ஒரு நாள் காயட்டும். பிறகு ஃபிலிமை எடுத்துவிட்டு இரண்டு கட்டைவிரலால் சமமாக அழுத்திப் பாருங்கள். 'சர்ர்' என்று உரசினால் மறுபடியும் ஒட்ட வேண்டியதுதான்.

சின்ன ஆம்ப்ளிஃபயர் என்றால் ஆபத்தில்லை என்ற நினைப்பு

1970களில் பிபிசி தன் ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் ஒரு அடி உயரம்தான். மனிதக் குரலை அது தருகிற அழகுக்காகவே இன்றும் தேடி அலைகிறார்கள். ஆனால் சத்தம் குறைவாகத்தான் வரும். இப்படிப்பட்ட பெட்டிக்குச் சக்தியில்லாத ஆம்ப்ளிஃபயரை மாட்டி முழுசாகத் திருகினால் ஒலி வெட்டுப்பட்டு முதலில் கருகுவது கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர்.

கிராஸ்ஓவரில் சாதாரண கெப்பாசிட்டர்

பிளஸ், மைனஸ் குறி போட்டது ஆகவே ஆகாது.

அடிப்பலகையைப் பார்க்காதது

ஏற்காட்டுப் பனியில் மரத்தூளை அழுத்திச் செய்த சிப் போர்டு கீழிருந்து ஊதும். தலைகீழாகக் கவிழ்த்துத் தடவிப் பாருங்கள்.

பசங்களை அங்கேயே கடைக்குப் போன் போடச் சொன்னேன். இன்னும் பிரிக்கவில்லையாம். கடை திறக்கும்போதே போய் நிற்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இந்தப் பெட்டி என் மேஜையில் இருக்கிறது, ஃபிலிம் செருகியாயிற்று.