நோயாளிகள் நிரப்பும் கேள்வித்தாள்: மொழிபெயர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல நாடுகளில் நடக்கும் கிளினிக்கல் டிரையலில், அதாவது மருந்துகளையும் சிகிச்சைகளையும் மனிதர்களிடம் சோதிக்கும் ஆய்வில், நோயாளி நிரப்பும் கேள்வித்தாளும் ஒரு அளவுகருவிதான். எல்லா மொழியிலும் அது ஒரே மாதிரி அளந்தால்தான் மதிப்பெண்களை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்க்க முடியும்.

அடிக்கடி நடக்கும் தவறு, பின்மொழிபெயர்ப்பை, அதாவது மொழிபெயர்த்ததைத் திரும்ப மூலமொழிக்குப் பெயர்த்து ஒப்பிடும் படியை, மட்டும் நம்புவது. திரும்ப மூலமொழிக்குக் கொண்டுபோனதும் அச்சு அசலாகப் பொருந்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் சொல்லுக்குச் சொல் பெயர்த்த விறைப்பான வாக்கியம்தான் திரும்பும்போது கச்சிதமாகப் பொருந்தும். விடுபட்ட ஒரு 'இல்லை'யை இந்தப் படி பிடித்துக் கொடுக்கும், நோயாளிக்குப் புரியுமா என்பதைச் சொல்லாது. மருத்துவப் பொருளாதாரம், சிகிச்சை விளைவுகள் பற்றிய ஆய்வாளர்களின் சர்வதேச அமைப்பான இஸ்போரின் 2005ஆம் ஆண்டு நெறிமுறை, இருவர் தனித்தனியே மொழிபெயர்க்க வேண்டும், பின்மொழிபெயர்ப்புக்குப் பிறகும் 5 முதல் 8 பேரிடம் பேசிப் பார்க்க வேண்டும் என்கிறது.

அந்த நேர்காணலைத்தான் பலர் சடங்காக முடித்துவிடுகிறார்கள், எனக்கு இதில்தான் அதிக ஆதங்கம். "புரிகிறதா?" என்று கேட்டால் யாராக இருந்தாலும் தலையாட்டுவார்கள். "எதை நினைத்து இந்தப் பதிலைப் போட்டீர்கள்?" என்று கேளுங்கள். 'கடந்த வாரத்தில் வாந்தி வந்ததா' என்ற கேள்விக்கு ஒருவர் போன திங்கள் முதல் ஞாயிறு வரை எண்ணிவிட்டு, நேற்று இரவு முழுக்க வாந்தி எடுத்ததைச் சேர்க்காமல் 'இல்லவே இல்லை' என்று போட்டிருப்பது அப்போதுதான் தெரியவரும்.

அடுத்து, பதில் தெரிவுகளை ஒவ்வொன்றாகத் தனியே மொழிபெயர்ப்பது. பொதுவான உடல்நலத்தை அளக்கும் ஈக்யூ-5டி-5எல் கேள்வித்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து நிலைகள். ஐந்தையும் வரிசையாக வைத்துப் பார்த்துத்தான் சொல் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றாவதும் நான்காவதும் காதில் ஒன்றுபோல விழுந்தால், உண்மையில் உடல் தேறிய நோயாளியின் முன்னேற்றம் மதிப்பெண்ணில் வராமலே போய்விடும்.

பண்பாட்டுக்கு ஏற்ப மாற்றுவதிலும் அவசரம் கூடாது. எஸ்எஃப்-36 என்ற இன்னொரு உடல்நலக் கேள்வித்தாளில் மிதமான உழைப்புக்கு உதாரணமாக கோல்ஃப் ஆடுவது வரும். கோல்ஃபே பார்க்காதவர்களுக்கு வேறு செயலைப் போடலாம்தான், ஆனால் அதற்கும் ஏறக்குறைய அதே அளவு உழைப்பு தேவைப்பட வேண்டும். பழக்கமான செயல் என்பது மட்டும் போதாது. கேள்வித்தாளின் உரிமையாளரிடம் அனுமதி வாங்காமல் எதையும் மாற்றவும் கூடாது.

அப்புறம், தாளில் சரிபார்த்ததோடு விட்டுவிடாதீர்கள். டேப்லெட்டில் ஏற்றிய பிறகு நீளமான வரி மடங்கி, கடைசித் தெரிவு திரைக்குக் கீழே மறைந்துபோனால் அதை யாரும் தேர்ந்தெடுக்கப் போவதில்லை.