வெள்ளை அணுக்கள் ரிப்போர்ட்: லேபுக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகள்

குழாயில் பெயரை மாற்றி ஒட்டுவது, கையுறை போடாமல் ரத்தம் எடுப்பது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. இரண்டு திட்டு வாங்கினால் அது சரியாகிவிடும். யாரும் திட்டாததால் வருஷக்கணக்கில் தொடரும் தவறுகள் வேறு. அந்தக் காலத்தில் நாங்கள் செய்ததையே இப்போது வரும் பிள்ளைகளும் செய்கிறார்கள்.

சதவீதத்தை மட்டும் பார்ப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் விசைப்படகுக்குப் போகும் இளைஞர் ஒருவருக்குக் காய்ச்சல். ஒரு லேப் கொடுத்த ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளை அணுக்கள் 2,600; அதன் வகைகளில் நியூட்ரோபில் 30 சதவீதம், லிம்போசைட் 62 சதவீதம். அந்த 62-ஐச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். தெருவில் யாரோ "ரத்தப் புற்றுநோயா இருக்கப்போகுது" என்று கிளப்பிவிட, அம்மா தோட்டை அடகு வைத்து, கார் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனார். அங்கே டெங்கு என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது தப்பில்லை, போன காரணம்தான் தப்பு.

கணக்குப் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். 2,600-இல் 62 சதவீதம் 1,612. பெரியவர்களுக்கு 1,000 முதல் 4,000 வரை சாதாரணம். லிம்போசைட் ஏறவே இல்லை; நியூட்ரோபில் இறங்கியதால் அதன் பங்கு பெரிதாகத் தெரிகிறது. நியூட்ரோபில் 30 சதவீதம் என்றால் 780தான். 1,500-க்குக் கீழே போனாலே குறைவு. 500-க்கும் கீழே போனால், கிருமி தொற்றினால் உயிருக்கே ஆபத்து. வட்டம் அங்கே போட்டிருக்க வேண்டும்.

ஈசினோபில் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுவும் இப்படித்தான். 9 சதவீதம் என்றதும் "ஈஸ்னோபிலியா", அதாவது ஈசினோபில் அதிகம், என்று நோயாளியிடம் சொல்லிவிடுகிறார்கள். மொத்தம் 4,500 என்றால் அது 405தான், 500-ஐத் தாண்டவில்லை. மொத்தம் 14,000 என்றால் 1,260. அப்போதுதான் பூச்சியா, அலர்ஜியா, ஆஸ்துமாவா என்று டாக்டர் தேட வேண்டும்.

மாத்திரை விவரம் கேட்காமல் விடுவது

இளைப்புக்கு ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்கு நியூட்ரோபில் ஏறும், ஈசினோபில் இறங்கும். கர்ப்பிணிகளுக்கும் மொத்தம் 11,000-ஐத் தாண்டலாம். உடனே தொற்று என்று வாயை விடாதீர்கள்.

கட்டி விழுந்த ரத்தத்தை மெஷினில் ஓட்டுவது

கூடாது. மறுபடி எடுங்கள்.

மெஷின் சொன்னதை அப்படியே எழுதுவது

பிளேட்லெட் கொத்தாக ஒட்டிக்கொண்டால் மெஷின் அதையும் வெள்ளை அணுவாக எண்ணிவிடும், பிளேட்லெட்டைக் குறைத்துக் காட்டும். சந்தேகம் வந்தால் ஸ்லைடு போட்டு, லீஷ்மன் சாயம் ஏற்றி, கண்ணால் பாருங்கள். தொண்டியிலிருந்து பஸ்ஸில் வரும் சாம்பிள் என்றால் ஸ்லைடை அங்கேயே இழுத்துக் காயவைத்து அனுப்பச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ குழாயில் வெயிலில் மணிக்கணக்காகக் கிடந்த ரத்தத்தில் அணுக்களின் உருவமே கெட்டுப்போயிருக்கும்.