வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்ப்பது எப்படி? இ-சஞ்சீவனி, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பிரஷர், சுகர் மாத்திரைக்காக மாதாமாதம் ஆஸ்பத்திரியில் அரைநாள் காத்திருக்கும் பெரியவர்கள் வீட்டில் இருக்கிறார்களா? அவர்களுக்காகத்தான் இது. மத்திய அரசின் இ-சஞ்சீவனி, 2020 ஏப்ரலில் ஊரடங்கு நேரத்தில் வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசும் சேவையைத் தொடங்கியது. கட்டணம் கிடையாது.

முதலில் ஒன்று. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுவது, திடீரென ஒரு பக்கம் கை கால் விழுந்துபோவது இதற்கெல்லாம் வீடியோ கால் வேண்டாம்; 108-ஐக் கூப்பிடுங்கள்.

படி 1: நோட்டு போடுங்கள்

பாதி வேலை இங்கேதான். டாக்டரால் தொட்டுப் பார்க்க முடியாது. உங்கள் நோட்டுதான் அவருக்குக் கை. ஒரு வாரம் காலையும் மாலையும் பிரஷர் பார்த்துத் தேதி, நேரத்தோடு எழுதுங்கள். பார்ப்பதற்கு முன் அரைமணி நேரம் காபி, டீ, பீடி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட ஐந்து நிமிடம் சும்மா உட்காரட்டும். பட்டையைச் சட்டைக் கைமேல் சுற்றாமல் வெறும் கையில் கட்டி, கையை நெஞ்சு மட்டத்துக்கு மேசைமேல் வையுங்கள். அளக்கும்போது பேச்சு கொடுக்காதீர்கள், பேசினாலே அளவு ஏறும். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள்.

மாத்திரை அட்டைகளையும் எடுத்து வையுங்கள். பெயரும் தேதியும் அச்சடித்த ஓரத்தை முதலில் வெட்டிவிடாதீர்கள். மாத்திரையை மறுபக்கத்திலிருந்து பிரித்து எடுங்கள்.

படி 2: உள்ளே நுழையுங்கள்

இ-சஞ்சீவனி இணையதளத்திலோ ஆப்பிலோ வரிசையாக இவற்றைக் கொடுத்துப் போங்கள்: மொபைல் எண், ஓடிபி, நோயாளியின் விவரம். பிறகு டோக்கன் வரும். பழைய ரிப்போர்ட்டுகளை வெளிச்சத்தில் படமெடுத்து ஏற்றிவிடுங்கள். அப்புறம் வரிசைதான்.

படி 3: பேசவிடுங்கள்

முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்காரவையுங்கள், ஜன்னலுக்கு முதுகு காட்ட வேண்டாம். காது மந்தமானவருக்கு இயர்போன் மாட்டுங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கலாம், ஆனால் “அம்மாவுக்கு ஒண்ணுமில்ல டாக்டர்” என்று முந்திக்கொள்ளாதீர்கள். ராத்திரி நான்கு தடவை எழுந்து போவதை அம்மாதான் சொல்வார்.

படி 4: மருந்துச் சீட்டு

டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். டெலிமெடிசினுக்கு, அதாவது தூரத்திலிருந்தே வைத்தியம் பார்ப்பதற்கு, 2020 மார்ச்சில் வந்த வழிகாட்டுதலின்படி போதைத் தன்மையுள்ள மருந்துகளை இப்படி எழுதக்கூடாது. சிலவகைத் தூக்க மாத்திரையும் அதில் அடங்கும். மறுத்தால் சண்டை வேண்டாம், நேரில் போய்க் கேளுங்கள்.

ஸ்மார்ட்போன் இல்லையென்றால்?

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இ-சஞ்சீவனியில் இன்னொரு வழி உண்டு: இந்த வசதியுள்ள துணை சுகாதார நிலையத்துக்குப் போனால், அங்குள்ள ஊழியரே வேறிடத்து டாக்டரோடு இணைத்துப் பேசவைப்பார். தமிழ்நாட்டில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும். இயன்முறை சிகிச்சையும் (பிசியோதெரபி), வலி வேதனையைக் குறைக்கும் நோய்த்தணிப்பு சிகிச்சையும்கூட. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். வழி புரியாவிட்டால் 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கு சாதாரண பட்டன் போனிலிருந்தே பேசலாம்.