இலங்கை மலையகத்தில் புதிதாகக் குடியேறுவோருக்கு: காசோலையை நம்பும் முன்

தமிழ்நாட்டில் சேமிப்புக் கணக்குக்கே காசோலைப் புத்தகம் கிடைக்கும். இங்கே பொதுவாக நடைமுறைக் கணக்கு (கரண்ட் அக்கவுண்ட்) இருந்தால்தான் தருவார்கள். சம்பளம் வாங்கவும் கரண்ட் பில் கட்டவும் சேமிப்புக் கணக்கும் வங்கி அட்டையும் போதும். கடை, மரக்கறி வியாபாரம், வீட்டு முற்பணம் என்று வந்தால்தான் காசோலை தேவைப்படும்.

திகதிக்கு எட்டுக் கட்டங்கள் இருக்கும். நாள், மாதம், வருடம் என்ற வரிசையில் நிரப்புங்கள். தொகையை எழுத்திலும் இலக்கத்திலும் எழுதி, மிச்ச இடத்தைக் கோடு போட்டு அடைத்துவிடுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் காசோலை திரும்பும். பத்து இலட்சத்தை இங்கே மில்லியன் என்றும் சொல்வார்கள். பூச்சியங்களை எண்ணிப் பாருங்கள். எழுத்துப் பிழைத்தால் திருத்த வேண்டாம், இரத்துச் செய்து வேறொன்று எழுதுங்கள். இடது மேல்மூலையில் இரண்டு கோடுகள் இழுத்து, நடுவில் 'அக்கவுண்ட் பேயீ ஒன்லி' (பெறுபவரின் கணக்கில் மட்டும்) என்று எழுதி, 'கொண்டுவருபவர்' என்ற சொல்லையும் வெட்டிவிடுங்கள். அப்போதுதான் தொலைந்த காசோலையை எவனும் கவுண்டரில் காசாக்க முடியாது.

2006 இலிருந்து காசோலையின் படம்தான் வங்கிக்கு வங்கி போகிறது. அதனால் நுவரெலியாவில் போட்டாலும் கொழும்பில் போட்டாலும் காத்திருப்பு ஒன்றுதான்: நேரத்தோடு போட்டால் அடுத்த வேலைநாளில் பணம் சேரும். வேலைநாள் என்பதைக் கவனியுங்கள். வியாழன் போட்டு வெள்ளி போயா தினமாக (பௌர்ணமி விடுமுறை) இருந்தால் திங்கள்தான். பற்றுச்சீட்டு கையில் இருப்பதால் பணம் வந்துவிட்டதாக நினைத்துச் சாமானை ஏற்றி அனுப்பாதீர்கள். கணக்கில் பணமில்லாமல் திரும்பும் காசோலையில்தான் புது வியாபாரிகள் அதிகம் அடிபடுகிறார்கள். தெரிந்தே அப்படி எழுதுவது 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் வழக்கு முடியும்வரை உங்கள் முதல் முடங்கிக் கிடக்கும். திகதியிலிருந்து ஆறு மாதம் கடந்த காசோலையையும் வங்கி ஏற்காது.

அவசரத்துக்கு வங்கி ஆப் வழியே அனுப்புங்கள். வேறு வங்கிக்கென்றாலும், போயா நாளிலும்கூட, பணம் உடனே போய்ச்சேரும். வங்கி, கிளை, கணக்கு எண் மூன்றையும் சரிபாருங்கள். ஓர் இலக்கம் மாறி வேறொருவர் கணக்குக்குப் போனால் திரும்பப் பெறுவது பெரும்பாடு. பெரிய தொகை என்றால் முதலில் 100 ரூபாய் அனுப்பி, சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2024 பெப்ரவரியிலிருந்து இந்திய யூபிஐயும் லங்கா கியூஆர் (இலங்கையின் பொது கியூஆர் குறியீடு) உள்ள கடைகளில் ஓடுகிறது. ஆனால் அது கடைக்குக் கொடுக்கத்தான், வீட்டுக்காரருக்கு வாடகை அனுப்ப உதவாது.

மழைக்காலத்தில் சிக்னலும் கரண்டும் ஒன்றாகப் போகும். தோட்டக் கடை, ஓட்டோ, ஞாயிறு சந்தைக்குக் கையில் சில்லறைக் காசு வைத்திருங்கள்.

காசோலைத் தாள் ஒன்று தொலைந்தால் அன்றைக்கே அதன் ஆறிலக்க எண்ணைச் சொல்லி, கொடுப்பனவை நிறுத்தும்படி வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். அந்த எண்களைத் தனியே ஒரு கொப்பியில் குறித்து வைத்திருந்தால்தான் இது முடியும்.