எல்.கே.ஜி. சேர்க்கும் முன் நாம் செய்யும் தவறுகள்

என் மகள் எல்.கே.ஜி. சேர்ந்தபோது இருபத்தாறு ஆங்கில எழுத்தும் தெரியும், ஐம்பது வரை எண்ணவும் தெரியும். "மிஸ், ஒன்னுக்கு வருது" என்று சொல்லத்தான் தெரியாது. முதல் நாள் நனைந்த யூனிஃபார்மோடு வந்து இறங்கினாள். நான் அவளைத் தயார் செய்தது அட்மிஷன் இன்டர்வியூவுக்கு. பள்ளிக்கூடத்தில் ஒரு முழுக் காலைப்பொழுதைக் கழிப்பதற்கு அல்ல.

வீட்டில் பிள்ளை காலைப் பின்னிக்கொண்டு நின்றாலே நமக்குப் புரிந்துவிடும். வாய் திறந்து கேட்க வேண்டிய தேவையே அதற்கு வந்திருக்காது. வகுப்பில் இருபது முப்பது பிள்ளைகள், ஒரு மிஸ், ஒரு ஆயாம்மா. போதாக்குறைக்கு நாம் சுச்சு, உச்சா என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறோம். அந்தப் பள்ளியில் எந்தச் சொல் புழங்குகிறது என்று முன்கூட்டியே கேட்டு, வீட்டிலும் அதையே பேசுங்கள். அங்கே இருப்பது இந்தியன் டாய்லெட்டா வெஸ்டர்னா என்றும் பார்த்துவிடுங்கள். வீட்டில் ஒன்றிலேயே பழகிய பிள்ளை மற்றதைக் கண்டு மிரளும். டயப்பரைப் பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் நிறுத்தினால் ரொம்பத் தாமதம். இரண்டு மூன்று மாதமாவது முன்னால் தொடங்க வேண்டும். பெல்ட், இறுக்கமான பட்டன் எல்லாம் வேண்டாம். தானே இறக்கி ஏற்றக்கூடிய எலாஸ்டிக் போதும்.

வாட்டர் பாட்டில் தினமும் நிறைந்தபடியே திரும்புகிறதா? டாய்லெட் போகப் பயந்துகொண்டு தண்ணீரே குடிக்காத பிள்ளைகள் உண்டு. அடக்கி அடக்கியே மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வரும். திட்டாதீர்கள், மிஸ்ஸிடம் பேசுங்கள்.

அடுத்தது பென்சில். மூன்று வயதிலேயே நான்கு கோடு நோட்டை விரித்து, கையைப் பிடித்து இழுத்து எழுத வைக்கிறோம். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது எட்டுமே குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாகத்தான் இறுகி எலும்பாகும். நான்கு வயதில்கூடக் கிட்டத்தட்ட பாதிதான் ஆகியிருக்கும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுத வைத்தார்கள். விஜயதசமியன்று இன்றும் அரிசியில் விரலால் 'அ' போட வைக்கிறோம். அந்த ஒரு நாளோடு ஏன் நிறுத்திவிடுகிறோம் என்றுதான் தெரியவில்லை. சப்பாத்தி மாவு உருட்டட்டும், பட்டாணி உரிக்கட்டும், ஸ்நாக்ஸ் டப்பாவைத் தானே திறந்து மூடட்டும். பென்சிலுக்கு வேண்டிய பலம் அதிலேயே வந்துவிடும்.

"சாப்பிடலைன்னா ஸ்கூல்ல கொண்டுபோய் விட்டுடுவேன், மிஸ் அடிப்பாங்க." பூச்சாண்டிக்குப் பதிலாக மிஸ்ஸை நிறுத்துவது நம் வீடுகளில் சர்வசாதாரணம். வருடம் முழுக்க இதைச் சொல்லிவிட்டு, ஜூன் மாதம் அதே இடத்துக்குச் சிரித்துக்கொண்டே போகச் சொன்னால் எந்தப் பிள்ளை போகும்? தாத்தா பாட்டியிடமும் இதைச் சொல்லி வைக்க வேண்டும். அதுதான் கொஞ்சம் சிரமம்.

இனி வாசலுக்கு வருவோம். பிள்ளை பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நைசாக நழுவி வந்துவிடுவது. நானும் செய்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்று அழவில்லை, உண்மைதான். ஆனால் அடுத்த நாளிலிருந்து என் துப்பட்டாவை விடவில்லை. வீட்டில் பாத்ரூம் போனால்கூடக் கதவைத் தட்டினாள். கண்ணை எடுத்தால் அம்மா காணாமல் போய்விடுவாள் என்று நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! அழுதாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். "அஞ்சு நிமிஷத்தில் வந்துடுவேன்" என்ற பொய்யும் வேண்டாம். அந்த வயதுக்கு மணி தெரியாது, வரிசை தெரியும்: "ஸ்நாக்ஸ் சாப்பிடுவீங்க, பாட்டு பாடுவீங்க, அப்புறம் அம்மா வந்துடுவேன்." சொன்னபடி வந்துவிட வேண்டும். நேர்மாறாக, டாட்டா சொன்ன பிறகும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பதும் தவறுதான். அடங்கிய அழுகை உங்கள் முகத்தைப் பார்த்ததும் மறுபடி பொங்கும்.

தூக்கத்தைப் பலரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. மூன்றிலிருந்து ஐந்து வயதுவரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். மே மாதம் முழுக்கப் பாட்டி வீட்டில் ராத்திரி பதினொரு மணிவரை விளையாடிவிட்டு, முதல் நாள் காலை ஆறரைக்கு எழுப்பினால் அழாமல் என்ன செய்யும்? பள்ளி திறக்க இரண்டு வாரம் இருக்கும்போதே, படுக்கும் நேரத்தைக் கால் மணி, கால் மணியாக முன்னால் இழுங்கள்.

சாப்பாட்டுக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. தானே எடுத்துச் சாப்பிட வருகிற அளவில், அதுவும் கொஞ்சமாக வையுங்கள். "கம் பேபி, சிட் பேபி" என்று வீட்டுப் பேச்சையே திடீரென்று மாற்றுவதும் தேவையில்லை. தமிழில் கோவையாகப் பேசுகிற பிள்ளை ஆங்கிலத்தையும் பிடித்துக்கொள்ளும்.

சாயங்காலம் வந்ததும் வராததுமாக "மிஸ் திட்டினாங்களா? யாராச்சும் அடிச்சாங்களா?" என்று விசாரணை வைக்காதீர்கள். களைப்பில் எதற்கும் "ஆமா" என்றுதான் தலையாட்டும். பால் கொடுத்து, சும்மா விட்டுவிட்டால் குளிக்கும்போதோ தூங்கப் போகும்போதோ தானாகக் கதை வரும். எங்கள் வீட்டில் நாலாவது நாள்தான் வந்தது, அதுவும் அவள் மிஸ்ஸாக நின்றுகொண்டு தலையணைகளுக்குப் பாடம் நடத்தும்போது. "யாருக்கு ஒன்னுக்கு வருது? கை தூக்குங்க" என்றாள்.