மலை ஊரில் போர்ட்ரெய்ட் எடுப்பது எப்படி? எடுப்பவரும் உட்காருபவரும் சேர்ந்து செய்யும் முறை

தருமபுரி மாவட்டத்து அரூரிலிருந்து சித்தேரி மலைக்கு வண்டியேறும் நிறைய பேர் தோளில் கேமராவோடு போகிறார்கள். இறங்கி வரும்போது மெமரி கார்டு நிறைய, சுருக்கம் விழுந்த முகங்கள் இருக்கும், ஒரு பெயர்கூட இருக்காது. அப்படி எடுக்க யாருடைய விளக்கமும் தேவையில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்து மலையாளிகள் அல்ல, தமிழ் பேசும் மலைமக்கள்), இருளர் போன்ற மக்களோடு உட்கார்ந்து, அவர்கள் தங்களை எப்படிக் காட்ட நினைக்கிறார்களோ அப்படி எடுப்பதைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன். புதிதாகக் கேமரா வாங்கியவர்களுக்காக எழுதுகிறேன். சுமாரான செல்போன் இருந்தாலும் போதும்.

1. முதல் தடவை வெறுங்கையோடு போங்கள்

மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்து, பழங்குடி மக்களை அடித்து, வீடுகளைச் சூறையாடி, பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்த கொடுமையை நம் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2011 ஆனது. அதை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது 2023இல். ஷூ போட்டுக்கொண்டு, கையில் கருவியும் நோட்டுமாக ஊருக்குள் வருகிறவரை இந்த மலைக்காரர்கள் சந்தேகமாகப் பார்த்தால் அதில் தப்பே இல்லை.

அதனால் ஊருக்குத் தெரிந்த ஒருவரோடு போங்கள். பள்ளி ஆசிரியராகவோ கிராம சுகாதார செவிலியராகவோ இருக்கலாம். ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரைப் பார்த்து வந்த காரியத்தை நேராகச் சொல்லிவிடுங்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் பேச்சில் கன்னடமும் கலந்து ஓடும், புரிந்த ஆள் ஒருவர் கூட இருந்தால் நல்லது. அறுவடை நேரத்தில் போய் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

2. படம் எங்கே போகும் என்று காட்டிவிட்டுக் கேளுங்கள்

"போட்டோ எடுத்துக்கலாமா?" என்றால் பெரும்பாலும் "எடுத்துக்கோப்பா" என்றுதான் பதில் வரும். வந்தவரை முகத்தில் அடித்தாற்போல மறுக்கக் கூடாதே என்று சொல்வது அது, சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் திறந்து, "இதுல போட்டா ஊர் பேர் தெரியாதவங்களும் பார்ப்பாங்க, பரவாயில்லையா?" என்று கேளுங்கள். பதிலை அவர் குரலிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். காகிதத்தில் கைநாட்டு வாங்குவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். படிக்கத் தெரியாதவரிடம் வாங்கும் கைநாட்டு யாருக்குப் பாதுகாப்பு என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளைகள் என்றால் பெற்றோரிடமும் கேளுங்கள், பிள்ளையிடமும் கேளுங்கள்.

3. உடை, இடம், பொருள் மூன்றையும் அவரே சொல்லட்டும்

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். சித்தேரிப் பக்கம் ஓர் ஆயா முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். வெளிச்சம், கை, பறக்கும் உமி என்று கேமராக்காரன் கனவு காணும் காட்சி. கேட்டதும் முறத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனார். பேத்தி கல்யாணத்துக்கு எடுத்த ஊதாப் பட்டுச் சேலை, கழுத்தில் கவரிங் செயின், முகத்தில் பவுடர் என்று வந்து நின்றார். "பொடைக்கறப்ப எடுத்தீன்னா, ஆயாவுக்கு ஒரு நல்ல சேலகூட இல்லியான்னு எம்பேரன் கேப்பான்." சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியையும் அவரே இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்தப் படத்தைத்தான் எடுக்க வேண்டும். முறம் வேண்டுமென்றால் பிறகு கேட்டுப் பாருங்கள், தந்தால் சரி.

நாற்காலியையும் டிஷ் ஆன்டெனாவையும் ஃபிரேமுக்கு வெளியே தள்ள உங்கள் கை பரபரக்கும். அந்தப் பரபரப்பு பழையது. அமெரிக்கத் தொல்குடிகளை 20 தொகுதிகளாகப் படமெடுத்த எட்வர்ட் கர்ட்டிஸ், 1910இல் பீகன் என்ற தொல்குடியினரின் குடிலில் உட்கார்ந்திருந்த இருவருக்கு நடுவே இருந்த கடிகாரத்தைப் படத்திலிருந்து அழித்துவிட்டார். "கலப்பில்லாத" பழங்குடி வேண்டுமாம். அவர்களோ கடிகாரம் பார்த்து வாழ்ந்தவர்கள். இன்று அதே நாட்டில் மடிகா வில்பர் போன்ற தொல்குடிப் புகைப்படக்காரர்கள், உட்காருபவர் விரும்புகிற மாதிரியே எடுத்துக் காட்டுகிறார்கள்.

4. வெளிச்சமும் செட்டிங்கும்

மலையில் காலை ஒன்பது தாண்டினாலே வெயில் மேலிருந்து விழுந்து கண்குழியைக் கறுப்பாக்கிவிடும். திண்ணை, கூரைத் தாழ்வாரம், வாசலுக்கு ஓரடி உள்ளே என்று நிழலில் உட்கார வைத்து, முகம் வெளிச்சத்தைப் பார்க்கும்படி திருப்புங்கள். கண்புரை உள்ள பெரியவர்களுக்குக் கண் கூசும், கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் இருட்டடித்தால் வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து, பேரனை விட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பிவிட கடையில் விற்கும் ரிஃப்ளெக்டர் செய்யும் வேலையை அது செய்யும்.

கேமரா என்றால் 50 மி.மீ. லென்ஸ், அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப் 2.8இலிருந்து 4 வரை, ஷட்டர் வேகம் 1/250 விநாடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) ஆட்டோவில் 1600 வரை. ஃபோகஸ் கண்ணில். செல்போனில் ஜூமை 1 எக்ஸில் வைத்துக்கொண்டு கிட்டே போனால் மூக்கு பெருத்துவிடும். 2 எக்ஸ் வைத்து ஐந்தாறு அடி தள்ளி நில்லுங்கள். அவர் தரையில் உட்கார்ந்தால் நீங்களும் தரையில் உட்காருங்கள். லென்ஸ் அவர் கண் உயரத்தில் இருக்கட்டும்.

தோல் நிறத்தில் கவனம் வேண்டும். சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் கறுத்த முகம் இருந்தால் கேமரா சுவரைக் கணக்கில் எடுத்துக்கொண்டு முகத்தை இருட்டாக்கும், எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 அல்லது +1 ஏற்றுங்கள். பின்னால் இருட்டு வாசல் என்றால் முகம் வெளிறிப்போகும், −0.7 இறக்குங்கள். போனில் முகத்தை அழுத்திப் பிடித்து லாக் செய்துவிட்டு மேலும் கீழும் தள்ளினால் இதே வேலை நடக்கும். பியூட்டி மோடை அணைத்துவிடுங்கள். கல்யாண ஆல்பத்தில் மாவு பூசினாற்போல வெளுப்பாக்கும் பழக்கத்தை மலைக்கு ஏற்ற வேண்டாம்.

5. பட்டனை அவர் கையில் கொடுங்கள்

டிரைபாடில் கேமராவை நிறுத்தி, புளூடூத் ரிமோட்டை உட்காருபவரிடம் கொடுங்கள். போன் என்றால் செல்ஃபி ஸ்டிக்கோடு வரும் சின்ன ரிமோட்டே போதும், கேமராவுக்கு அதற்குப் பொருந்தும் ரிமோட் வேண்டும். அது இல்லையென்றால் பத்து விநாடி டைமர். முதலில் விரைப்பாக நாலைந்து வரும், பிறகு சிரிப்பு, பிறகு பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்வது என்று போகும். நீங்கள் வெளிச்சத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஓரமாக இருங்கள்.

6. கதையைக் கேளுங்கள்

"உங்க பாரம்பரியத்தைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் யாருக்கும் வாய் வராது. பொருளைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். "இந்தச் சேலை எங்க எடுத்தது ஆயா?" "ரோடு வர்றதுக்கு முன்ன சாமைய அரூருக்கு எப்படிக் கொண்டு போவீங்க?" இப்படி ஒன்றைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாலே போதும். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தார்கள், அண்ணன் தம்பிகள் மலைக்கொருவராகப் பிரிந்தார்கள் என்று மலையாளி மக்களிடம் ஒரு கதை உண்டு. ஊருக்கு ஊர் மாறும். இணையத்தில் படித்ததை வைத்துத் திருத்தப் போகாதீர்கள். சாமி சம்பந்தமான பாட்டுக்கோ வேடியப்பனாகக் கும்பிடும் நடுகல்லுக்கோ தனியாக அனுமதி கேளுங்கள். "இது வேணாம்" என்றால் ரெக்கார்டரை அவர் கண்முன்னே அணையுங்கள்.

7. வேண்டாத படங்களைச் சேர்ந்து கழியுங்கள், சேர்ந்து எழுதுங்கள்

எல்லாப் படத்தையும் காட்டுங்கள். அவர் "இது வேணாம்" என்றதை அங்கேயே அழித்துவிடுங்கள், உங்களுக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும். படத்துக்குக் கீழே வருவது அவர் சொன்ன வாக்கியமாக இருக்கட்டும். "கள்ளமற்ற மலைமக்கள்" வகையறாவெல்லாம் வேண்டவே வேண்டாம்.

சில விஷயங்களை அவர் சம்மதித்தாலும் வெளியிடாதீர்கள். வலை, கண்ணி, வேட்டைக் கதை எல்லாம் 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டத்தில் அவருக்கு எதிரான சாட்சியாகலாம். அதிலும் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தை ஒட்டிய ஊர்களில் இன்னும் கவனம். கேமரா, போன் இரண்டிலும் இருப்பிடப் பதிவை அணைத்து வையுங்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது, சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவின்படி குற்றம்.

இன்னொன்று. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்களாகப் போய் எடுத்த படத்துக்கு நீங்கள்தான் உரிமையாளர், உட்கார்ந்தவர் அல்ல. நாளைக்குக் காலண்டருக்கோ விளம்பரத்துக்கோ விற்றால் என்ன பங்கு, யார் அனுமதி என்பதைத் தமிழில் அரைப்பக்கம் எழுதி, வாசித்துக் காட்டி, நீங்கள் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

8. பிரிண்ட்

வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். மேலே பல இடங்களில் டவர் கிடையாது. 8×12 மேட் பிரிண்ட் போட்டு, லேமினேஷன் செய்து நேரில் கொண்டு போங்கள். கூரை வீட்டில் புகையும் ஈரமும் உண்டு, வெறும் பிரிண்ட் தாங்காது. குடும்பத்தில் எத்தனை வீடு என்று முன்பே கேட்டு, வீட்டுக்கு ஒன்றாகப் போடுங்கள். ஒரிஜினல் ஃபைலைச் சுருக்காமல் இரண்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். பெரியவர் ஒருவர் தவறிவிட்டால் பெரிய சைஸ் கேட்டு உங்களுக்குத்தான் போன் வரும், அன்றைக்கு வாட்ஸ்அப் காப்பியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.