மரம் அழுதது: கதை வகைகளையும் அணிகளையும் குழந்தைகளுக்குச் சேர்த்துக் கற்பிக்கும் முறை

பாடப்புத்தகங்களில் இலக்கிய வகைகள் ஓரிடத்திலும் அணி இலக்கணம் வேறோரிடத்திலும் இருக்கின்றன. அதனால்தான் உருவக அணிக்குச் சான்று தந்து விளக்கி முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளை, கதைப் புத்தகத்தில் அதே அணி எதிர்ப்பட்டால் கண்டுகொள்ளாமல் கடந்துபோகிறது. ஒரு வாக்கியத்தை நேர்ப்பொருளில் கொள்வதா, அணியாகக் கொள்வதா என்பதைப் பெரும்பாலும் அது இடம்பெறும் புத்தகத்தின் வகையே முடிவுசெய்கிறது. ஆகவே இரண்டையும் ஒன்றாகக் கற்பிப்பதே பொருத்தம். கீழ்க்காணும் முறை எட்டு முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

படி 1: புத்தகங்களைத் திரட்டுதல்

நாட்டுப்புறக் கதை, விலங்குகள் பேசும் நீதிக்கதை, பள்ளி அல்லது வீட்டுச் சூழலில் நடக்கும் கதை, துப்பறியும் கதை, அறிவியல் புனைகதை, வாழ்க்கை வரலாறு, அறிவியல் நூல் ஆகியவற்றில் ஒவ்வொன்றை எடுத்துத் தரையில் பரப்பி வையுங்கள். தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளுக்கு வாசிப்பு இயக்கத்தின் வழியாக 2023 முதல் வந்த சிறு நூல்களையும் சேர்த்துக்கொள்ளலாம். அவற்றில் உள்ள நுழை, நட, ஓடு, பற என்னும் பிரிவுகள் வாசிப்புத் திறனின் படிநிலைகளே அன்றிக் கதை வகைகள் அல்ல என்பதைப் பிள்ளைக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

படி 2: மூன்று கேள்விகளால் பிரித்தல்

வகைகளின் பெயரை முதலில் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் இரண்டு பக்கங்களை வாசிக்கச் செய்து, “இது நடந்ததா, நடக்கக்கூடியதா, நடக்கவே முடியாததா?” என்று கேளுங்கள். மூன்று குவியல்கள் உருவாகும்; எந்தக் குவியலிலும் அடங்காத புத்தகங்களும் மிஞ்சும். உண்மையில் பயன் தருபவை மிஞ்சியவைதாம். வரலாற்றுக் கதையில் அரசர் வாழ்ந்தவர், ஆனால் அவர் பேசும் பேச்சு ஆசிரியர் எழுதியது என்பதால், அது முதல் இரண்டு குவியல்களுக்கும் நடுவில் அமரும். அறிவியல் புனைகதை இன்று நடக்க முடியாததற்கு ஒரு காரணத்தைக் கற்பித்துக் காட்டுகிறது. மாயாஜாலக் கதையோ காரணம் சொல்லும் பொறுப்பையே ஏற்பதில்லை. இந்த வேறுபாட்டைப் பிள்ளை தன் வாயால் சொன்ன பிறகு பெயர்களைக் கொடுங்கள்.

படி 3: உவமையைப் பிரித்துப் பார்த்தல்

“வெயில் மண்டையைப் பிளக்கிறது”, “பசி வயிற்றைக் கிள்ளுகிறது” என்று பிள்ளைகள் அணி நயத்தோடுதான் நாள்தோறும் பேசுகிறார்கள் என்பதை நினைவூட்டிவிட்டு, உவமைக்கு நேரே வந்துவிடலாம். ‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை’ என்னும் குறள் இதற்கு மிகவும் ஏற்றது. ஒரு தாளில் நான்கு கட்டங்கள் வரைந்து, பொருள் என்ற கட்டத்தில் இகழ்வாரைப் பொறுத்தல், உவமை என்ற கட்டத்தில் தோண்டுவோரைத் தாங்கும் நிலம், உவம உருபு என்ற கட்டத்தில் ‘போல’, பொதுத்தன்மை என்ற கட்டத்தில் பொறுமை என நிரப்பச் செய்யுங்கள். நான்காம் கட்டத்தை நிரப்பத்தான் பிள்ளை தயங்கும். ஏனெனில் இந்தக் குறளில் அந்தச் சொல் வெளிப்படையாக இல்லை.

அந்தத் தயக்கத்தைப் போக்கத் தொல்காப்பியம் சொல்லும் வினை, பயன், மெய், உரு என்னும் நான்கு அடிப்படைகள் உதவும். புலி போலப் பாய்ந்தான் என்றால் ஒப்பு செயலில் இருக்கிறது. மழை போல வழங்கினான் என்றால் பயனில் இருக்கிறது. உடுக்கை போன்ற இடை என்றால் வடிவத்திலும், பவளம் போன்ற வாய் என்றால் நிறத்திலும் இருக்கிறது. “எதில் ஒத்திருக்கிறது?” என்ற ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதே போதிய பயிற்சி.

படி 4: உருவகத்துக்கு நகர்தல்

‘போல’ என்பதை நீக்கிவிட்டால் உருவகம் கிடைத்துவிடும் என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். தமிழில் இது பிழையில் கொண்டுபோய் விடும். ‘மலர் போன்ற முகம்’ என்பதில் உருபை நீக்கினால் ‘மலர்முகம்’ என்ற உவமைத்தொகைதான் வருகிறது. அது இன்னும் உவமையே. வரிசையை மாற்றி ‘முகமலர்’ என்று, முகமாகிய மலர் என்னும் பொருளில் சொல்லும்போதுதான் இரண்டும் ஒன்றாகி உருவகம் ஆகிறது. இரு சொற்களையும் தனித்தனி அட்டைகளில் எழுதிக் கையாலேயே இடம் மாற்றச் செய்தால், இலக்கண விளக்கம் அதிகம் தேவைப்படாது.

படி 5: ஒரே வாக்கியத்தை எல்லாப் புத்தகங்களிலும் வைத்துப் பார்த்தல்

இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். ‘மரம் அழுதது’ என்று எழுதி, அது ஒவ்வொரு வகைப் புத்தகத்திலும் வந்தால் என்ன பொருள் தரும் என்று கேளுங்கள். நாட்டுப்புறக் கதையில் மரம் உண்மையாகவே அழலாம். அங்கே அது அணி அன்று, கதை நிகழ்ச்சி. வீட்டுச் சூழல் கதையில் மழை விட்ட பின் இலைகளிலிருந்து நீர் சொட்டுவதையோ, அதைப் பார்ப்பவரின் துயரத்தையோ அது குறிக்கும். இயல்பாக நடப்பதன்மேல் ஆசிரியர் தம் குறிப்பை ஏற்றிச் சொன்னால் அது தற்குறிப்பேற்ற அணி என்பதை இங்கே சொல்லிவைக்கலாம். துப்பறியும் கதையில் பட்டையில் யாரோ புதிதாக வெட்டியதால் பால் வடிகிறது என்ற தடயமாகவும் இருக்கலாம்.

நீதிக்கதையில் பேசும் நரியைப் பிள்ளைகள் அணி என்பார்கள். அந்தக் கதைக்குள் நரி நேராகவே பேசுகிறது என்று திருத்துங்கள். ஆனால் நரியின் கதையை மட்டும் சொல்லி, சொல்லாமல் விட்ட மனிதரை உணர்த்தினால், அதைப் பிறிது மொழிதல் அணியோடு ஒப்பிட்டுக் காட்டலாம்.

அறிவியல் நூலில் அணிக்கு இடமில்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். கண் கேமரா போன்றது என்று அதிலும் எழுதுகிறார்கள், விளக்குவதற்காக. அங்கே கூடுதலாக ஒரு கேள்வி தேவை: இந்த ஒப்புமை எந்த இடத்தில் பொருந்தாது? கேமராவில் பொதுவாக வில்லையை முன்னும் பின்னும் நகர்த்திக் குவியம் சரிசெய்கிறார்கள். நம் கண்ணிலோ வில்லை தன் வளைவையே மாற்றிக்கொள்கிறது. கதையில் வரும் உவமையிடம் இவ்வளவு கறாராக இருக்க வேண்டியதில்லை.

படி 6: எழுதிப் பார்த்தல்

பிள்ளையே ஒரு சிறு நிகழ்ச்சியைத் தேர்ந்துகொள்ளட்டும். மின்சாரம் போனது என்பது போன்ற எளிய நிகழ்ச்சி போதும். அதை இரண்டு வகைகளில், வகைக்கு ஐந்து வரிகளாக, ஒவ்வொன்றிலும் ஓர் அணியேனும் வருமாறு எழுதச் சொல்லுங்கள். தாள்களை மாற்றிக்கொண்டு, வகையின் பெயரைச் சொல்லாமல் படித்துக்காட்டி, மற்றொரு பிள்ளையைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். அந்தப் பிள்ளை தவறாகச் சொன்னால், எந்த வரி அப்படி நினைக்க வைத்தது என்று கேட்டு, அந்த ஒரு வரியை மட்டும் திருத்தி எழுதச் செய்யுங்கள்.